சொன்னது யார், செய்வது யார்? – கடைக் கடிதங்களில் அயற்கூற்று



இம்முறை ஆங்கிலப் பாடத்தில் நாம் எடுத்துக்கொள்வது நேர்கூற்றை அயற்கூற்றாக மாற்றுவது. பள்ளியில் “டைரக்ட் ஸ்பீச், இன்டைரக்ட் ஸ்பீச்” என்று ஆசிரியர் பிரம்பைக் கையில் வைத்துக்கொண்டு நடத்திய அதே பாடம்தான். “பரீட்சை முடிந்து முப்பது வருஷம் ஆயிற்று, இனி இது எதற்கு?” என்று பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். ஒருவர் கடையில் நின்று சொல்லிவிட்டுப் போன வார்த்தையை, அங்கே இல்லாத இன்னொருவருக்கு நாம் எழுதும் ஒவ்வொரு முறையும் இந்தப் பாடம் வந்துவிடுகிறது. அதில் தவறினால் மதிப்பெண் போகாது, பணம் போகும். எனக்குத் தெரிந்த ஒருவருக்கு ரூ.18,460 போக இருந்தது.

அவர் மயிலாப்பூர் வடக்கு மாட வீதிக்கு அருகே மளிகைக் கடை வைத்திருப்பவர். ஊர் தூத்துக்குடிப் பக்கம். நான் அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவேன். ஒரு கம்பெனியின் பிஸ்கட், சோப்பு வகைகளில் காலாவதியான சரக்கு அவரிடம் ஆறு பெட்டி சேர்ந்துவிட்டது. மார்ச் 12-ஆம் தேதி சேல்ஸ்மேன் வந்து பார்த்துவிட்டு, “நாளைக்கு நானே வந்து எடுத்துக்கறேன் அண்ணாச்சி, உங்களுக்கு கிரெடிட் நோட் வந்துடும்” என்று சொல்லிப் போனார். மறுநாள் வரவில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை. பிறகு அவர் வேலையை விட்டே போய்விட்டதாகத் தெரிந்தது. அண்ணாச்சி 20-ஆம் தேதி கம்பெனியின் ஏரியா மேனேஜருக்கு ஆங்கிலத்தில் ஒரு கடிதம் எழுதினார். மேனேஜர் வட நாட்டுக்காரர், தமிழ் தெரியாது. கடிதத்தின் முக்கிய வரி இது:

“யுவர் சேல்ஸ்மேன் டோல்ட் தட் ஐ வில் டேக் பேக் தி எக்ஸ்பைர்ட் ஸ்டாக் டுமாரோ அண்ட் யூ வில் கெட் கிரெடிட் நோட்.”

பத்து நாள் கழித்துப் பதில் வந்தது. சரக்கைத் தாங்களே திரும்ப எடுத்துக்கொள்வதாக எழுதியிருப்பதைக் குறித்துக்கொண்டோம், எங்களுக்குக் கிரெடிட் நோட் வரும் என்று குறிப்பிட்டிருப்பது மட்டும் விளங்கவில்லை என்று இரண்டே வரி. அண்ணாச்சி அந்தக் காகிதத்தை என்னிடம் நீட்டி, “என்ன சார், கிண்டல் பண்ணுறானுவளா?” என்று கேட்டார்.

கிண்டல் இல்லை. ஆங்கிலம் படிப்பவர் கண்ணுக்கு அந்த வரி அப்படித்தான் தெரியும். கடிதத்தில் “ஐ” என்று வந்தால் அது கையெழுத்துப் போட்டவர், அதாவது அண்ணாச்சி. “யூ” என்றால் கடிதம் யாருக்குப் போகிறதோ அவர், அதாவது கம்பெனி. ஆகவே “நான் சரக்கை எடுத்துக்கொள்வேன், உங்களுக்குக் கிரெடிட் நோட் கிடைக்கும்” என்று கடைக்காரரே எழுதிக் கொடுத்ததாக ஆகிவிட்டது. “டுமாரோ” என்பதோ கடிதத் தேதிக்கு மறுநாள், அதாவது மார்ச் 21. சேல்ஸ்மேன் சொன்ன 13-ஆம் தேதி கடிதத்தில் எங்குமே இல்லை.

அண்ணாச்சி படிக்காதவர் அல்லர். தவறு அவர் அறிவில் இல்லை, நம் மொழியின் பழக்கத்தில் இருக்கிறது. தமிழில் “என்று” என்ற ஒரு சொல் இருக்கிறது. “என்” என்ற வினையடியில் பிறந்த எச்சம் அது, “சொல்லி” என்பதுதான் அதன் பொருள். இந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டு, அடுத்தவர் பேச்சை நாம் அப்படியே மூட்டை பிரிக்காமல் கொண்டுபோய் இறக்கிவிடலாம். “நாளைக்கு நானே வருகிறேன் என்று சொன்னார்.” இதில் வரும் “நான்” அவருடைய நான். “நாளை” அவருடைய நாளை. “என்று” நடுவில் நின்று இரண்டையும் பிரித்துக் காட்டுவதால் கேட்பவருக்குக் குழப்பமே இல்லை. பேச்சுத் தமிழில் அது தேய்ந்து “வரேன்னு சொன்னார்” என்று ஒரு “னு”வாகச் சுருங்கினாலும் அதே வேலையைச் செய்கிறது.

ஆங்கிலத்தில் “தட்” என்ற சொல்லை “என்று” என்பதற்குச் சமம் என்று நமக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். எல்லாக் குழப்பமும் அங்கேதான் தொடங்குகிறது. “தட்” போட்ட உடனே மூட்டையைப் பிரித்தாக வேண்டும். உள்ளே இருக்கும் “நான்”, “நீ”, “இன்று”, “நாளை”, “இங்கே” ஒவ்வொன்றையும் எடுத்து, எழுதுகிற நம்முடைய நிலையிலிருந்து மறுபடி அளந்து வைக்க வேண்டும்.

இது தமிழுக்கு முற்றிலும் புதிது என்று நினைத்துவிட வேண்டாம். தினசரிப் பத்திரிகையைப் பாருங்கள். “விரைவில் நடவடிக்கை எடுக்கப் போவதாக அமைச்சர் தெரிவித்தார்” என்று எழுதுகிறார்கள். “எடுக்கப் போகிறேன் என்று” என்பது நேர்கூற்று, “எடுக்கப் போவதாக” என்பது அயற்கூற்று. ஆகவே ஆங்கிலத்தில் எழுத உட்காரும்போது சேல்ஸ்மேன் சொன்னதை முதலில் “-ஆக” போட்டு மனதுக்குள் தமிழில் மாற்றிக்கொள்ளுங்கள். “மறுநாள் தானே வந்து எடுத்துக்கொள்வதாகவும், எனக்குக் கிரெடிட் நோட் வரும் என்றும் சொன்னார்.” பாருங்கள், “நானே” என்பது “தானே” ஆகிவிட்டது, “உங்களுக்கு” என்பது “எனக்கு” ஆகிவிட்டது, “நாளை” என்பது “மறுநாள்” ஆகிவிட்டது. முக்கால் வேலை தமிழிலேயே முடிந்தது. இதை ஆங்கிலத்தில் வைத்தால்:

“ஆன் 12 மார்ச், யுவர் சேல்ஸ்மேன் டோல்ட் மீ தட் ஹீ வுட் டேக் பேக் தி எக்ஸ்பைர்ட் ஸ்டாக் ஆன் 13 மார்ச் அண்ட் தட் ஐ வுட் கெட் எ கிரெடிட் நோட்.”

இதில் “தான்” என்ற சொல் ஒன்றுக்கு நாம் நன்றி சொல்ல வேண்டும். ஆங்கிலத்தில் அதற்கு ஈடு கிடையாது. “மொத்த வியாபாரி, தான் லாரி வாடகையைத் தருவதாக டிரைவரிடம் சொன்னார்” என்றால் தருபவர் மொத்த வியாபாரி, சந்தேகமே இல்லை. ஆங்கிலத்தில் “தி ஹோல்சேலர் டோல்ட் தி டிரைவர் தட் ஹீ வுட் பே தி ரென்ட்” என்றால் அந்த “ஹீ” யார்? வியாபாரியாகவும் இருக்கலாம், டிரைவராகவும் இருக்கலாம். பிறகு வாடகைத் தகராறு வந்தால் இரண்டு பேரும் ஒரே கடிதத்தைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். இப்படிப்பட்ட இடத்தில் கூச்சப்படாமல் “தி ஹோல்சேலர்” என்று இரண்டாம் முறையும் எழுதிவிடுங்கள். நடை அழகாக இருக்காது, வாடகை யார் தலையில் என்பது தெளிவாக இருக்கும்.

இனி காலம். “வில்” என்பது “வுட்” ஆனதைக் கவனித்திருப்பீர்கள். சொன்னது முடிந்துபோன நாளில் என்பதால், உள்ளே இருக்கும் வினையும் ஒரு படி பின்னால் போகிறது. “இஸ்” என்பது “வாஸ்” ஆகும், “கேன்” என்பது “குட்” ஆகும், “மே” என்பது “மைட்” ஆகும், “ஹேவ் பெய்ட்” என்பது “ஹேட் பெய்ட்” ஆகும். கட்டாயத்தைக் குறிக்கும் “மஸ்ட்” பெரும்பாலும் “ஹேட் டு” ஆகும். “வுட்” போட்டால் சந்தேகமாகத் தொனிக்குமோ, அவர் உறுதியாகத்தானே சொன்னார் என்று பலர் தயங்குகிறார்கள். தயங்க வேண்டாம். இங்கே “வுட்” என்பது சந்தேகமும் அல்ல, மரியாதையும் அல்ல, “வில்” நேற்றைய உடுப்பில் வந்து நிற்கிறது, அவ்வளவுதான்.

சொன்ன விஷயம் இன்றைக்கும் உண்மையாக இருந்தால் காலத்தை மாற்றாமல் விடலாம் என்றும் இலக்கணம் இடம் தருகிறது. “நூறு கிலோ ஒரு குவிண்டால்” போன்ற எப்போதும் மாறாத செய்திகளுக்கு அப்படியே விடுவதே வழக்கம். ஆனால் வியாபாரத்தில் இந்தச் சலுகையைப் பார்த்துப் பயன்படுத்துங்கள். “ஹீ செட் தட் தி ரைஸ் இஸ் ஓல்ட் ஸ்டாக்” என்று நிகழ்காலத்தில் எழுதினால், அரிசி பழையதுதான் என்பதை நீங்களும் ஒப்புக்கொள்வதுபோல் தொனிக்க இடமிருக்கிறது. “வாஸ்” போட்டால் பேச்சு அவரோடு நிற்கிறது. பழைய அரிசி என்றால் விலை கூட, புதிது என்றால் சாதம் குழையும். நாளைக்கு வாடிக்கையாளர் சண்டைக்கு வந்தால் அது யார் சொன்ன சொல் என்பது முக்கியம்.

நாள், இடம் குறிக்கும் சொற்களுக்குப் பள்ளியில் ஒரு பட்டியலே உருப்போட வைத்தார்கள். “டுடே” என்பது “தட் டே”, “டுமாரோ” என்பது “தி நெக்ஸ்ட் டே”, “எஸ்டர்டே” என்பது “தி ப்ரீவியஸ் டே”, “ஹியர்” என்பது “தேர்”, “நவ்” என்பது “தென்”. ரென் அண்ட் மார்ட்டின் இலக்கணப் புத்தகத்தை வைத்துப் படித்தவர்களுக்கு இது இன்னும் மறந்திருக்காது. பரீட்சைக்கு அது சரி. ஆனால் கடைக்குப் பட்டியலை விடக் காலண்டர் நல்லது என்பது என் அபிப்பிராயம். “தி நெக்ஸ்ட் டே” என்று எழுதினால் எதற்கு அடுத்த நாள் என்று ஒருவர் கேட்கலாம். “13 மார்ச்” என்று எழுதினால் யாரும் கேட்க முடியாது. “அங்கே” என்பதற்குப் பதில் “அட் மை ஷாப்” அல்லது “அட் யுவர் கோடவுன்” என்று எழுதுங்கள். பட்டியலைக் கண்ணை மூடிக்கொண்டு ஓட்டுவதிலும் ஆபத்து உண்டு. இன்று காலை சொன்னதை இன்று மாலையே எழுதினால் அவருடைய நாளையும் நம்முடைய நாளையும் ஒன்றுதான், “டுமாரோ” அப்படியே நிற்கலாம். கடையில் உட்கார்ந்தே கடையைப் பற்றி எழுதினால் “ஹியர்” என்பதை மாற்றத் தேவையில்லை.

அடுத்து, நம் சென்னை முத்திரை குத்திய பிழை ஒன்று: “டோல்ட் தட்”. “டோல்ட்” வந்தால் யாரிடம் என்று உடனே சொல்லியாக வேண்டும். “டோல்ட் மீ தட்”, “டோல்ட் மை அசிஸ்டன்ட் தட்”. யாரிடம் என்று சொல்லப் பிரியமில்லை என்றால் “செட் தட்” போடுங்கள். இலக்கணம் ஒருபுறம் இருக்க, யாரிடம் சொன்னார் என்று எழுதுவது நமக்கே நல்லது. ஏன் என்று பின்னால் வருகிறேன்.

தமிழில் “கேட்டார்” என்ற ஒரே சொல் மூன்று வேலை செய்கிறது. விலை என்ன என்று கேட்டார், பில் கேட்டார், பாட்டுக் கேட்டார். ஆங்கிலத்தில் முதலாவது “ஆஸ்க்ட்”, இரண்டாவது “ஆஸ்க்ட் ஃபார்”, மூன்றாவது வேறு சொல்லே. “ஹீ ஆஸ்க்ட் தி பில்” என்று எழுதாதீர்கள், “ஆஸ்க்ட் ஃபார் தி பில்” என்று எழுதுங்கள். கேள்வியை மாற்றும்போது “தட்” வராது, கேள்வியின் சொல் வரிசையும் நேராகிவிடும். “வேர் இஸ் தி லாரி?” என்பது “ஹீ ஆஸ்க்ட் மீ வேர் தி லாரி வாஸ்” ஆகும். ஆமாம், இல்லை என்று பதில் வரும் கேள்வியானால் “இஃப்” அல்லது “வெதர்” சேர்க்க வேண்டும். “ஹேவ் யூ பெய்ட் தி பில்?” என்பது “ஹீ ஆஸ்க்ட் மீ இஃப் ஐ ஹேட் பெய்ட் தி பில்” ஆகும்.

“சொன்னார்” என்பதும் அப்படித்தான். “வருவதாகச் சொன்னார்” வேறு, “வரச் சொன்னார்” வேறு. முன்னது “செட் தட் ஹீ வுட் கம்”, பின்னது “டோல்ட் மீ டு கம்”. தியாகராய நகரில் உஸ்மான் சாலையோ ரங்கநாதன் தெருவோ, ஒரு அதிகாரி வந்து “டோண்ட் கீப் பேக்ஸ் ஆன் தி பேவ்மென்ட்” என்று சொல்லிவிட்டுப் போனால், சங்கத்துக்கு எழுதும்போது “தி ஆஃபீசர் டோல்ட் மீ நாட் டு கீப் பேக்ஸ் ஆன் தி பேவ்மென்ட்” என்று எழுத வேண்டும். “ப்ளீஸ்” போட்டுச் சொல்லியிருந்தால் “டோல்ட்” என்பதற்குப் பதில் “ரிக்வெஸ்டட்”.

அடையாறு காந்தி நகரில் ஒரு கடைக்காரர் சொன்ன கதை இது. வாடிக்கையாளர் அம்மா ஒருவர் போனில் கடைப் பையனிடம், ஆறு மணிக்குத்தான் வீட்டுக்கு வருவேன், அதற்கு முன் அரிசி கொண்டுவர வேண்டாம் என்று ஆங்கிலத்தில் சொன்னார். பையன் முதலாளியிடம் சரியாகத்தான் சொன்னான். முதலாளி உறுதி செய்துகொள்வதற்காக வாட்ஸ்அப்பில் “யூ டோல்ட் தட் ஐ வில் பி ஹோம் பை சிக்ஸ்” என்று அந்த அம்மாளுக்கு அனுப்பினார். முதலாளி ஆறு மணிக்கு யார் வீட்டுக்கு வருகிறார் என்று அந்த அம்மாள் திகைத்துப் போய்விட்டாராம். “யூ செட் தட் யூ வுட் பி ஹோம் பை சிக்ஸ்” என்றால் தீர்ந்தது.

எந்த வினைச்சொல்லால் பேச்சை அறிமுகப்படுத்துகிறோம் என்பதிலும் கவனம் வேண்டும். இலக்கணத்தை விட இது நேர்மை சம்பந்தப்பட்டது. “செட்”, “டோல்ட்” தவிர “ப்ராமிஸ்ட்”, “அஷ்யூர்ட்”, “அக்ரீட்”, “அட்மிட்டட்” என்று பல இருக்கின்றன. நம் ஊரில் “பார்க்கலாம்” என்று ஒரு சொல் உண்டு. மொத்த வியாபாரியிடம் கிலோவுக்கு ஒரு ரூபாய் குறைக்கச் சொன்னால் “பார்க்கலாம், பார்க்கலாம்” என்பார். அது சம்மதமா, மறுப்பா? கோவிந்தப்ப நாயக்கன் தெருவில் பாதி வியாபாரம் இந்தச் சொல்லின் மேல்தான் நடக்கிறது. இதைக் கடிதத்தில் “யூ அக்ரீட் டு ரெட்யூஸ் தி ப்ரைஸ்” என்று எழுதினால் அது அயற்கூற்று அல்ல, பொய்க்கூற்று. “யூ செட் தட் யூ வுட் சீ” என்று எழுதுவதுதான் நியாயம். அவர் உறுதி சொன்ன இடத்தில் “ப்ராமிஸ்ட்” போடுங்கள், தவறை ஒப்புக்கொண்ட இடத்தில் “அட்மிட்டட்” போடுங்கள், பார்க்கலாம் என்ற இடத்தில் பார்க்கலாம் என்றே விடுங்கள். ஒருமுறை மிகைப்படுத்தி எழுதி மாட்டிக்கொண்டால் அடுத்த கடிதத்தில் நாம் எழுதும் உண்மைக்கும் மதிப்பு இருக்காது.

சில நேரம் அயற்கூற்றே வேண்டாம். விலை, தவணை, கெடு ஆகியவற்றில் அவர் சொன்ன வார்த்தையே முக்கியம் என்றால், மேற்கோள் குறிக்குள் அப்படியே வையுங்கள். தமிழில் சொன்னதைத் தமிழிலேயே ஒரு வரி எழுதி, கீழே ஆங்கிலத்தில் அதன் பொருளைத் தரலாம். மேற்கோள் குறிக்குள் வந்துவிட்டால் “ஐ” அவருடையது, “டுமாரோ” அவருடையது, எதையும் மாற்றக்கூடாது. அண்ணாச்சி தம் வரியில் மேற்கோள் குறி இரண்டைச் சரியான இடத்தில் போட்டிருந்தால் பாதித் தொல்லை தீர்ந்திருக்கும். குறியும் போடாமல் மாற்றவும் செய்யாமல் நடுவழியில் நின்றதுதான் வினை.

யாரிடம் சொன்னார் என்று எழுதச் சொன்னேன் அல்லவா? சட்டத்திலும் இதற்கு இடம் உண்டு. காதால் கேட்கக்கூடிய ஒரு விஷயத்துக்குச் சாட்சி சொல்வதென்றால், அதைத் தன் காதால் கேட்டவரே வந்து சொல்ல வேண்டும் என்பது பொது விதி. 1872-ஆம் ஆண்டின் இந்திய சாட்சியச் சட்டத்தில் இது 60-ஆம் பிரிவாக இருந்தது. அந்தச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்துள்ள பாரதிய சாக்ஷ்ய அதிநியமத்தில் 55-ஆம் பிரிவாக இருக்கிறது. ஆகவே டிரைவர் சொன்னதைக் கேட்டது கடைப் பையன் என்றால் “யுவர் டிரைவர் டோல்ட் மீ” என்று முதலாளி எழுதுவது பிசகு. “யுவர் டிரைவர் டோல்ட் மை அசிஸ்டன்ட் தட்...” என்று எழுதி, பையன் பெயரையும் தேதியையும் சேர்த்துவிட வேண்டும். வாட்ஸ்அப்பில் குரல் பதிவாக வந்த வாக்குறுதியை, இடம் அடைக்கிறது என்று அழித்துவிடாதீர்கள். அதைவிட நல்ல நேர்கூற்று கிடையாது.

அண்ணாச்சி விஷயம் என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். மேலே சொன்னபடி கடிதத்தைத் திருத்தி எழுதினோம். கடையில் சரக்குத் திரும்பும் கணக்குக்கு ஒரு நோட்டு வைத்திருந்தார், அதில் பெட்டி எண்ணிக்கையையும் தொகையையும் சேல்ஸ்மேன் தன் கையாலேயே எழுதி 12-ஆம் தேதி போட்டிருந்தார். அந்தப் பக்கத்தின் நகலையும் இணைத்தோம். சரக்குத் திரும்பினால் கிரெடிட் நோட் வழங்க 2017-ஆம் ஆண்டின் மத்திய ஜி.எஸ்.டி. சட்டம் 34-ஆம் பிரிவில் வழி இருப்பதால் கம்பெனிக் கணக்கருக்கும் சிக்கல் இல்லை. மே மாதம் வேன் வந்தது, ரூ.18,460-க்கு நோட்டும் வந்தது. “ஒரு ஐ, ஒரு யூ, ரெண்டு மாசம் இழுத்துட்டுது சார்” என்றார் அண்ணாச்சி.

வீட்டில் பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் இருந்தால் அவர்களையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு கீழ்க்கண்ட நான்கையும் செய்து பாருங்கள். எழுதுவது ஜூன் 20-ஆம் தேதி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

1. ஜூன் 5 அன்று மொத்த வியாபாரி உங்களிடம்: “ஐ கேன் கிவ் யூ டென் பேக்ஸ் டுடே.”

2. கட்டட உரிமையாளர் உங்களிடம்: “ஹேவ் யூ பெய்ட் தி வாட்டர் டாக்ஸ்?”

3. பெசன்ட் நகர் வாடிக்கையாளர் உங்கள் பையனிடம்: “டோண்ட் ரிங் தி பெல்.”

4. ஜூன் 9 அன்று சேல்ஸ்மேன் உங்களிடம்: “ஐ மே கம் டுமாரோ.”

விடைகள்:

1. ஆன் 5 ஜூன், தி ஹோல்சேலர் டோல்ட் மீ தட் ஹீ குட் கிவ் மீ டென் பேக்ஸ் தட் டே. (தேதி முன்னாலேயே வந்துவிட்டதால் இங்கே “தட் டே” போதும்.)

2. தி ஓனர் ஆஸ்க்ட் மீ இஃப் ஐ ஹேட் பெய்ட் தி வாட்டர் டாக்ஸ்.

3. தி கஸ்டமர் டோல்ட் மை அசிஸ்டன்ட் நாட் டு ரிங் தி பெல்.

4. ஆன் 9 ஜூன், தி சேல்ஸ்மேன் டோல்ட் மீ தட் ஹீ மைட் கம் ஆன் 10 ஜூன். (“ப்ராமிஸ்ட்” என்று எழுதியிருந்தால் தவறு. அவர் வரலாம் என்றுதான் சொன்னார்.)